மேரி கட்டடம், புதுச்சேரி

புதுச்சேரி குபேர் சாலையில், வங்கக் கடலைப் பார்த்து நிற்கும் நகராட்சிக் கட்டடம். பிரெஞ்சு ஆவணங்களில் இது ‘ஓத்தெல் தெ வில்’, ஊராருக்கு ‘மேரி’. 1870-71-இல் கட்டப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கட்டடம் எழுந்துவிட்டது. 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணைதான் பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாக, அதாவது நகராட்சிகளாக, பிரித்தது: புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு, காரைக்காலில் மூன்று, மாகி, ஏனாம், சந்திரநாகூருக்குத் தலா ஒன்று. 1907-இல் இவை பதினேழாயின. வாக்குரிமை வந்தது, சமத்துவம் வரவில்லை. ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தோரும் ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியர் மற்றொன்று. தம் சமயம், சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க 1881 ஆணை வழிவிட்டது. அப்படி மாறியவர்களுக்கென 1884-இல் மூன்றாவது பட்டியலும் பிறந்தது. கொம்யூன் அரசியல் நெடுங்காலம் இந்தப் பட்டியல்களைச் சுற்றியே நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவுடன் இணைவது பற்றி வாக்களித்த 178 பேரும் சட்டப் பேரவை உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களுமே. 170 பேர் இணைப்பை ஆதரித்தனர்.

கட்டடம் இரண்டு தளங்கள் கொண்டது. கடல்முகப்பில் தூண் வரிசை. முகம் பிரெஞ்சு, உடல் உள்ளூர். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் தளம். தேக்கு மரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகக் கோணவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போடுவது இம்முறை. காரை விரிசல் விட்டு நீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்த மரமுனைதான் முதலில் உளுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஆண்டுதோறும் கூரையைக் கவனித்தாலொழிய இத்தகைய கட்டடம் நிற்காது. இங்கே கவனிப்பு குறைந்தது. 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் மேரி இடிந்து விழுந்தது.

உலக வங்கி நிதியுதவியுடன், ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில், பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் நரேந்திர மோதியால் திறந்துவைக்கப்பட்டது. 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் தேர்தல் நடந்து அமைந்த நகரமன்றத்தின் பதவிக்காலம் 2011-இலேயே முடிந்துவிட்டதால், திறப்பு நாளில் அங்கு அமர உறுப்பினர்கள் எவரும் இல்லை.