அப்பா சொல்லாத பெயர்கள்

தோழர்களே, சாதியை மறைத்து வாழ்பவர்களைக் கோழைகள் என்று சொல்லும் வழக்கம் நம் இயக்கங்களுக்குள்ளும் இருக்கிறது. அது சரிதானா என்று கேட்பதற்காகவே பிறப்பை மறைத்த ஒரு யூதத் தந்தையின் வரலாற்றை இந்தப் பேருரைக்கு எடுத்துக்கொண்டோம். தீண்டப்படாதவர்களை இந்தியாவின் கெட்டோவில் பிறந்த பிள்ளைகள் என்று தம் கையெழுத்துப்படி ஒன்றின் தலைப்பிலேயே குறித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். கெட்டோ என்பது ஐரோப்பாவில் யூதர்களை ஒதுக்கி அடைத்த குடியிருப்பு. ஆகவே இந்த ஒப்பீடு நமக்குப் புதிதல்ல.

ஜோசப் கோர்பெல் 1909இல் இன்றைய செக் நாட்டின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். செக்கோஸ்லோவாக்கிய வெளியுறவுத் துறை அதிகாரி. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே மனைவியோடும் இரண்டு வயது நிரம்பாத மகளோடும் அவர் தப்பி, பிறகு லண்டன் சேர்ந்தார். 1941இல் இங்கிலாந்தில் குடும்பம் கத்தோலிக்கம் தழுவியது.

தப்ப முடியாதவர்கள் தெரெசின் கெட்டோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கோர்பெலின் அப்பா 1942இல் அங்கேயே இறந்தார். அம்மா 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அக்கா, அக்காவின் கணவர், அவர்களின் சின்ன மகள், கோர்பெலின் மாமியார் என்று உறவினர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டனர்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், தம் குடும்பப் பெயரின் எழுத்துமேல் இருந்த இரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டார். 1948இல் காஷ்மீர்ப் பிரச்சினைக்கான ஐ.நா. ஆணையத்தில் இருந்தார். 1949இல் அமெரிக்காவில் அடைக்கலம் பெற்று, டென்வர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காஷ்மீரைப் பற்றி 1954இல் நூல் எழுதினார்; 1977இல், இறந்த ஆண்டிலேயே, செக்கோஸ்லோவாக்கியாவின் வரலாற்றைப் பற்றியும் அவர் நூல் வந்தது. பிறர் வரலாற்றை இத்தனை எழுதியவர் சொந்தப் பெற்றோர் எப்படிச் செத்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தாத்தாவும் பாட்டியும் போர்க்காலத்தில் இறந்தார்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்.

அவருடைய மகள்தான் மேடலின் ஆல்பிரைட். 1997 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானார். ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளை அவர் ஆதரித்ததை நாம் மறக்கவில்லை. இங்கே பேசுவது அவருடைய அரசியலை அல்ல, அவருடைய தந்தையின் மௌனத்தை. பதவியேற்ற சில நாட்களிலேயே வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் ஒருவர் அந்தக் குடும்பத்தின் கதையை வெளிக்கொண்டுவந்தார். அப்போது ஆல்பிரைட்டுக்கு வயது 59. தெரியாமலா இருந்திருக்கும் என்று பலர் அவரைக் கேட்டார்கள். தந்தை பிறப்புக்கு வெட்கப்பட்டார் என்றும் எழுதினார்கள்.

நாம் கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம். 1935இன் நூரம்பர்க் சட்டங்கள் ஒருவர் என்ன மதம் என்று பார்க்கவில்லை. தாத்தா பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணின. மூவர் யூதர் என்றால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையும் யூதக் குழந்தைதான். அந்தக் கணக்கைக் கண்ணால் கண்டவர், மகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லாமல் செய்ய முயன்றார். இதில் வெட்கப்பட வேண்டியவர் யார்? வாடகை வீட்டுக்காகச் சாதியைச் சொல்லாமல் இருக்கும் நம் தோழரா, சாதி கேட்டு வீடு கொடுப்பவரா? கிறித்தவரான பிறகும் கல்லறைத் தோட்டத்தில் தனி இடம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, மதம் மாறினாலும் பிறப்பு துரத்தும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு. 1996இல் ஆல்பிரைட் பிராகில் உள்ள பிங்காஸ் யூத வழிபாட்டு இல்லத்துக்குப் போயிருந்தார். கொல்லப்பட்ட சுமார் 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அழிந்துபோன அந்தப் பெயர்களை 1990களில்தான் திரும்ப எழுதி முடித்திருந்தார்கள். அவர் பார்த்தார், கலங்கினார், திரும்பிவிட்டார். தம் தாத்தா பாட்டியின் பெயரைத் தேட வேண்டும் என்று தெரியவில்லை. மறு ஆண்டு ஜூலையில் மீண்டும் போனபோதுதான் தேடிப் பார்த்தார்.

அவர்கள் எந்த ரயிலில் ஏற்றப்பட்டார்கள் என்பதைக் கொன்றவர்களே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் பேச்சு இல்லாதபோது வரலாற்றுக்கு எஞ்சுவது ஒடுக்கியவர்களின் பதிவேடுதான். நம் பாட்டன்மாரைத் தேடிப் போகிறவர்களுக்கும் கிடைப்பவை பெரும்பாலும் வருவாய்த்துறைக் கணக்கும் காவல்துறைக் கோப்புமே. அவற்றில் ஊரும் சாதியும் தேதியும் இருக்கும். அந்த மனிதர் எதற்குச் சிரித்தார், எதற்கு எதிர்த்து நின்றார் என்பது இருக்காது.

ஆகவே இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஏன் மறைத்தீர்கள் என்று குற்றம் சாட்ட வேண்டாம். யாருக்குப் பயந்து மறைத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். ஆல்பிரைட்டுக்கு உண்மை தெரிந்தபோது அவருடைய தந்தை இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. தாயும் உயிரோடு இல்லை. அவர் கேட்க நினைத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை.