கயிறில்லாக் கட்டு

உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் அவருடைய முதுமையைக் குறித்துப் பேசுகையில், வேறொருவர் அவரைக் கட்டும் காலம் வரும் என்றார் (யோவான் 21:18). அது பேதுருவின் சாவைப் பற்றிய முன்னறிவிப்பு. ஆயினும் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அச்சொல்லின் நேர்ப்பொருளும் நெஞ்சைத் தைக்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1965ஆம் ஆண்டு மெடிகேர், மெடிகெய்ட் எனும் அரசுத் திட்டங்கள் சட்டமாயின. அவற்றின் நிதியால் பராமரிப்பு இல்லங்கள் பெருகின. பலவற்றில் பணியாளர் போதவில்லை. இரவெல்லாம் நடந்துகொண்டிருப்பவரையும் ஓயாது கூவுபவரையும் அருகிருந்து ஆற்றுவதற்கு ஆள் இல்லாதபோது, மாத்திரையே ஆளாக நின்றது. மனச்சிதைவு நோயாளருக்கென 1950களில் வழக்கிற்கு வந்த குளோர்புரோமசின் போன்ற மருந்துகள், அந்நோய் இல்லாத முதியோருக்கும் கொடுக்கப்பட்டன. தூக்க மருந்துகளும் அவ்வாறே. முதிய உடலோ மருந்தைத் தாமதமாகவே அகற்றும். டயசிபாம் நாட்கணக்கில் தங்கிவிடும். தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைப் பார்த்து, வயதாகிவிட்டது என்றே உலகம் சொல்லிற்று.

1987 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே திருப்புமுனை. நோய்க்குறிக்குச் சிகிச்சையாக அன்றி, தண்டிக்கவோ பணியாளரின் வசதிக்காகவோ மருந்தால் எவரையும் கட்டலாகாது என்று அது விதித்தது. ‘வசதி’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதத் துணிந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்; கொடுமை பெரும்பாலும் வெறுப்பிலிருந்து பிறப்பதில்லை.

1991இல் மார்க் பியர்ஸ் எனும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இல்லவாசிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கவேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டனர். பின்னர் எல்லா முதியோருக்குமென விரிக்கப்பட்ட அப்பட்டியலை இன்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது.

மறதிநோயுள்ள முதியோருக்குப் புதிய வகை மனநோய் மருந்துகள் சாவின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. 2008இல் பழைய வகைகளையும் அதில் சேர்த்தது. 2012 முதல் ஒவ்வோர் இல்லமும் எத்தனை பேருக்கு இவற்றைக் கொடுக்கிறது என்ற கணக்கை அரசு பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. மனச்சிதைவு நோயாளருக்கு அம்மருந்து தேவையாதலால் அவர்கள் அக்கணக்கில் சேரவில்லை. விளைவு என்ன? சில இல்லங்களில் முதியோரின் ஏடுகளில் அந்நோய் புதிதாக எழுதப்பட்டது. இளமையிலேயே பெரும்பாலும் தலைகாட்டும் நோய் அது! 2023 ஜனவரியில் அரசு அந்த ஏடுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.