யாழ்ப்பாணம் வந்தோரும் வந்த காலமும்

ஓர் ஊருக்கு எக்காலத்திற் செல்லுதல் நன்று என்னும் வினா இன்று உல்லாசப் பிரயாணியின் வினாவாகிவிட்டது. வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு, திருவிழா எப்போது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுதல் அவன் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் இவ்வினா ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. இங்கு வந்த வணிகரும் யாத்திரிகரும் படைத்தலைவரும் இதனை எண்ணிப் பார்த்தே கடலில் இறங்கினர். அவர்களுக்கு அது சௌகரியம் பற்றிய கேள்வியன்று. உயிர் பற்றிய கேள்வி. விடை கூறியது காற்று.

குடாநாட்டு மக்கள் ஆண்டினைக் காற்றின் பெயராலேயே பகுத்து வழங்குவர். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்த் திசையிலிருந்து வீசுவது வாடை. வைகாசி முதல் ஆவணி கடந்தும் தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். இவ்விரண்டிற்கும் இடையே கடல் சற்று அடங்கியிருக்கும் காலங்கள் இரண்டு: மாசி, பங்குனி, சித்திரையை ஒட்டியது ஒன்று, புரட்டாதியை ஒட்டிய குறுகிய காலம் மற்றொன்று. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பெரும்பகுதி வாடை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும். சோளகமோ இத்தீவின் தென்மேற்குப் பகுதியை நனைத்துவிட்டு, குடாநாட்டுக்கு வரும்போது வறண்ட காற்றாகவே வருகின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இச்சுண்ணாம்புக்கல் நிலத்தில், மார்கழி வரையில் நிலத்தடியிற் சேர்ந்த நீரைக் கொண்டே அடுத்த ஐப்பசி வரை கிணறுகள் ஊறவேண்டும்.

மிகப் பழைய வருகைகளை ஆராயின் இக்கணக்கு அப்போதே அறியப்பட்டிருந்தமை புலனாகும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிற் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு தாமிரலிப்தியிலிருந்து கப்பலேறி சம்புகோளத் துறையில் இறங்கினாள் என்பது மகாவம்சக் கூற்று. குடாநாட்டின் வடகரையிலுள்ள சம்பில்துறையே அத்துறை என்பர். அவ்வருகையை மார்கழித் திங்களோடு சேர்த்தே அந்நூல் சொல்லுகின்றது. வங்கக் கரையிலிருந்து தென்மேற்கு நோக்கி வரும் பாய்க்கப்பலுக்கு வாடையினும் சிறந்த துணை வேறில்லை. கதையில் வரும் அற்புதங்களை நம்பாதவரும் அதன் மாதத்தை நம்பலாம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீன யாத்திரிகர் பாகியன் அதே தாமிரலிப்தியிலிருந்து வணிகக் கப்பலொன்றில் இலங்கைக்கு வந்தார். குளிர்காலத் தொடக்கத்திற் சாதகமான காற்றோடு, இரவு பகலாகப் பதினான்கு நாள் வந்ததாக அவரே எழுதியுள்ளார்.

காலந் தவறினால் நேர்வது என்ன? இதற்குச் சான்று நயினாதீவில் உள்ளது. நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, முதலில் வந்து கூடவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அவ்வாணை விதிக்கின்றது. அதன்பின் வரும் பகுதியே இங்கு கருதத்தக்கது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சேதமுற்றால் நாலில் ஒரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் சேதமுற்றால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. என்றோ ஒருநாள் உடையும் கப்பலுக்காக எந்த அரசனும் கல்லிலே விகிதம் பொறிப்பதில்லை. ஆழங்குறைந்த இக்கடலில் மரக்கலம் உடைதல் எதிர்பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாகவே இருந்தது என்க. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை அதிகம் என்பதையும் கவனித்தல் வேண்டும். கருணையிலும் அரசர்க்குக் கணக்கு உண்டு.

1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து புறப்பட்ட இபன் பத்தூத்தா, மூன்று நாட் பயணம் ஒன்பது நாளாகி, தாம் எண்ணாத கரையொன்றில் ஒதுங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிற் கண்டார். காற்றினாற் கிடைத்த சரித்திரச் சான்று அது.

இனி, யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சிக்கு வருவோம். அதற்குக் காக்கை வன்னியனின் துரோகத்தைக் காரணங் காட்டுவது யாழ்ப்பாண வைபவமாலை தொட்டு வந்த மரபு. துரோகம் பற்றிய கதைகள் எளிதில் மனத்திற் பதிவன. மாதங்கள் அவ்வாறு பதிவதில்லை. போர்த்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா 1560இற் பெருங்கப்பற்படையோடு வந்தது ஐப்பசி மழை தொடங்கும் காலம். நல்லூரைக் கைப்பற்றியும் அவனால் அதனை வைத்திருக்க முடியவில்லை. குடிகள் திரண்டெழவே, மன்னாருக்குப் பின்வாங்கி அங்கே கோட்டை கட்டினான். மழையே பறங்கியரைத் துரத்திற்று என்று சொல்வது மிகையாகும். எழுச்சியே உடனடிக் காரணம். ஆயினும் சேற்று வயல்களுக்கும் கொந்தளிக்கும் கடலுக்கும் இடையே அகப்பட்ட படைக்கு நிலைத்திருத்தல் எளிதன்று.

இவ்வாதத்துக்கு 1591ஆம் ஆண்டு ஓர் இடையூறு. அவ்வாண்டு அந்திரே பூர்த்தாதுவும் ஒக்ரோபர் இறுதியிலேயே வந்திறங்கி வென்றான். ஆனால் அவன் நாட்டை நேரே ஆள முயலவில்லை. எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றிவிட்டுத் திரும்பினான். அடித்துவிட்டுப் போவதற்கு ஒரு காலம். இருந்து ஆள்வதற்கு வேறு காலம்.

நாட்டை உண்மையில் விழுங்கிய இரு படையெடுப்புக்களும் தரைவழியாக, வறட்சிக் காலத்தில் வந்தவை. 1619இற் பிலிப் தெ ஒலிவேறா பூநகரி வழியாக வந்து, யூன் மாதத்திற் சங்கிலி குமாரனை வென்றான். கடல்வழியே தப்ப முயன்ற மன்னன் பிடிபட்டான். 1658 பெப்ரவரியில் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தத் தளபதி றிக்லொவ் வன் கூன்ஸ் அங்கிருந்து தரைவழியே வந்து, மார்ச்சில் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டான். கடனீரேரிகள் வற்றியிருக்கும் காலம் அது. உள்ளிருந்த போர்த்துக்கேயர் கோவாவிலிருந்து உதவிக் கப்பல்களை எதிர்நோக்கினர். அங்கேயோ ஒல்லாந்தர் துறைவாயை மறித்து நின்றனர். யூனிற் சோளகம் தொடங்கியதும், மேல்கரைத் துறையாகிய கோவாவிலிருந்து கப்பல் புறப்படல் புரட்டாதி வரையில் இயலாதாயிற்று. அம்மாதத்திலேயே கோட்டை பணிந்தது. மூன்றரை மாதப் பசியும் நோயும் ஒருபுறம் இருக்க, இனி உதவி வாராது என்பதை உள்ளிருந்தோருக்கு உணர்த்தியது காற்றேயாம்.

படைகளின் கதை இது. சாதாரண மக்களின் போக்குவரத்து இதனினும் நீண்டது, எழுதப்பட்டது குறைவு. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைத் தண்டையல்கள் பாய்க்கப்பல்களை வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் செலுத்தியது காற்றின் தவணையறிந்தே. வல்வெட்டித்துறையில் 1930இற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அது 1938இல் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறையை அடைந்தது. செலுத்திச் சென்றோர் வல்வையார். காற்றை நன்கறிந்தோர்க்குப் பாக்குநீரிணையும் அத்திலாந்திக்கும் ஒன்றே போலும்.

தரைவழி வருவோர்க்குப் பெருங்காலம் நல்லூர்த் திருவிழா. ஆடி அமாவாசைக்குப்பின் கொடியேறி, ஆவணி அமாவாசையிற் தீர்த்தமாகும் இருபத்தைந்து நாளும் சோளகம் வீசும் மழையற்ற நாட்கள். வெயிலின் கடுமை உண்டு. பிரதட்டை செய்யும் அடியவர்க்கு வீதி மணலின் சூடு தெரியும். சேறு மட்டும் இராது. வடக்கு வீதியிலே பனம்பழ வாசனை எழுவதும் இப்பருவத்திலேதான். கோயிற் கிரியைக்கு வானிலை காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஐப்பசியில் இத்துணைப் பெருங்கூட்டம் வீதியில் நிற்றல் அரிது. குளிர்ச்சியை நாடுவோர்க்குத் தையும் மாசியும் ஏற்றவை. அறுவடை முடிந்திருக்கும், கிணறுகளில் நீர் நிறைந்திருக்கும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகும் சோளகத்தில் ஆடுவதுபோல் அவ்வளவு ஆடாது.

1905இற் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. 1914இற் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக்கப்பல் ஓடத் தொடங்கியது. காற்றின் ஆட்சி ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். 1964 டிசெம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு புகைவண்டி ஒன்றையும் கடலுக்கு இரையாக்கிற்று. யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிச் சேவை 1990இற் போரினால் நின்று, 2014இல் மீண்டது; அந்த இருபத்துநான்கு ஆண்டுகளுக்குக் காற்றைக் குறைகூற முடியாது.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை 2023 ஒக்ரோபர் 14ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. செரியாபாணி என்னும் அவ்விரைவுக் கப்பல் இயந்திர வலிமையுடையது; வானிலை அறிக்கையும் கையில் இருந்தது. புரட்டாதி முடியும் தறுவாயிற் தொடங்கிய சேவை, ஐப்பசி பிறந்த கையோடு, அம்மாதம் 20ஆம் நாள் நிறுத்தப்பட்டது. வாடை காரணம். மறுவருடம் ஆவணி முதல்வாக்கிற் சிவகங்கை என்னும் கப்பல் ஓடியது; கார்த்திகையில் அதுவும் நின்றது; 2025 மாசியிற் கடல் அடங்கிய பின்னரே திரும்ப வந்தது.