15 டாலர் கம்பி

நைட் டூட்டியில் சாலை விபத்து கேஸ் வந்தால், கூட வருகிறவர்கள் சொல்லும் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான். "ஸ்பீடா வந்தான் சார், வளைவுல விட்டுட்டான்." நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு தையல், எக்ஸ்ரே, ரெஃபரல் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். வண்டி எப்படி இருந்தது, டயரில் காற்று எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியை ஊரே கேட்கும்படி செய்த ஒரு காரின் கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

1959 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரலே பெயரில் 'கொர்வேர்' என்ற சின்னக் காரை இறக்கியது. அப்போ அமெரிக்கக் கார் என்றாலே முன்னால் இன்ஜின் வைத்த பெரிய படகு. இது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி இன்ஜினைப் பின்னால் வைத்த கார். ஆறு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் அலுமினிய இன்ஜின். பார்க்க அழகு, ஓட்ட ஜாலி. ஆனா மொத்த எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின்சக்கரங்களின் தலையில்.

அந்தப் பின்சக்கரங்களின் சஸ்பென்ஷனுக்குப் பேர் 'ஸ்விங் ஆக்ஸில்'. இதைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன எக்சர்சைஸ். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்க. விரல்கள் மேலே பார்க்கிற மாதிரி, 'நில்லு' என்று காட்டுவது போல உள்ளங்கையை மடக்குங்க. கைதான் அச்சு, உள்ளங்கைதான் சக்கரம். தோள் மூட்டு அசையலாம், மணிக்கட்டு அசையக் கூடாது. இப்போ கையை மெதுவா கீழே இறக்குங்க. உள்ளங்கையின் அடிப்பக்கம் உடம்பை நோக்கி உள்ளே போகுதா?

வேகமாக வளையும்போது கொர்வேரின் பின்பக்கம் மேலே எழும்ப, வெளிப்பக்கச் சக்கரம் இப்படித்தான் அடியில் மடங்கும். டயர் முழு அகலத்தில் தரையைப் பிடிக்காமல் ஓரத்தில் நிற்கும். பிடி படிப்படியாகக் குறையாது, சட்டென்று போகும். கனமான பின்பக்கம் வெளியே சுற்றிக்கொண்டு ஓடும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகும், நிலைமை இன்னும் மோசம். ஆனா பயந்த மனுஷன் வேற என்ன செய்வான்?

இதற்கு வைத்தியம் அன்றைக்கே தெரியும். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒரு வளைந்த ஸ்டீல் கம்பி, ஆன்டி ரோல் பார். அதைப் போட்டால் வளைவில் முன்பக்கப் பிடி முதலில் குறையும். கார் சுழலாது, நேராக வழுக்கப் பார்க்கும். சாதாரண டிரைவரால் அதைச் சமாளிக்க முடியும். பின்னாளில் செவ்ரலேயின் தலைவராக இருந்த ஜான் டிலோரியன், அந்தக் கம்பிக்கு ஒரு காருக்கு 15 டாலர் ஆகியிருக்கும் என்று சொன்னார்.

கம்பி போடவில்லை. பதிலாக டயர் காற்றை வைத்துச் சமாளித்தார்கள். முன்னால் 15 பி.எஸ்.ஐ, பின்னால் 26. முன் டயர் தொளதொளவென்று இருந்தால் அதன் பிடி முதலில் போகும், அதே பலன். காகிதத்தில் சரிதான். ஆனா பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் ஒரே மாதிரி காற்று பிடித்துவிட்டால் கதை முடிந்தது. கொஞ்சம் டோஸ் மாறினாலும் ஆபத்தாகும் மருந்துகள் சில எங்களிடம் உண்டு. அவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு அளவை மெடிக்கல் ஷாப் பையன் பார்த்துக்குவான் என்று எந்த டாக்டராவது விடுவாரா? (நீங்களும் வண்டிக்குக் காற்று பிடிக்கும்போது ஸ்டிக்கரில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று ஒருமுறை பாருங்க.)

எனக்கு வயிறு எரியும் இடம் இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று ஒரு விளையாட்டு. காலியான பார்க்கிங் மைதானத்தில் கூம்புகளை நட்டு வளைவுப் பாதை போட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் ஓடும். யாருக்குக் குறைந்த நேரம் என்பதுதான் போட்டி. ஆபீஸ் போகும் அதே காரில் சஸ்பென்ஷனை மட்டும் சரிசெய்துகொண்டு வருகிற சாதாரண ஆட்கள். கொர்வேர் வைத்திருந்தவர்கள் 'கேம்பர் காம்பன்சேட்டர்' என்ற குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கைப் பின் அச்சுக்கு அடியில் மாட்டினார்கள். சக்கரம் அதற்கு மேல் கீழே மடங்காது. பீட்டிலுக்கும் இதே சாமான் விற்றது, போர்ஷே 356 காருக்கும் வந்தது.

செவ்ரலேக்கும் தெரியும். 1962 மாடலில் ஸ்பெஷல் சஸ்பென்ஷன் ஒன்று தனி ஆப்ஷனாக வந்தது. அதில் முன்பக்கக் கம்பி உண்டு, பின் அச்சு அதிகம் இறங்காமல் பிடிக்கும் பட்டையும் உண்டு. விவரம் தெரிந்தவன் கேட்டு வாங்கினான். பிள்ளைகளைப் பள்ளியில் விட வாங்கிய அம்மாவுக்கு அப்படி ஒன்று தேவை என்றே தெரியாது. 1964 மாடலில்தான் முன் கம்பியும் பின்னால் குறுக்கு ஸ்பிரிங்கும் எல்லாக் காருக்கும் வந்தன. 1965 மாடலில் சஸ்பென்ஷனே புதுசு. நம்ம எக்சர்சைஸ் பாஷையில், மணிக்கட்டு மூட்டு கிடைத்துவிட்டது.

அதே 1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீலின் புத்தகம் வந்தது. முதல் அத்தியாயமே கொர்வேர். நிறுவனம் பதில் சொல்வதை விட்டுவிட்டு அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சட்டத்தை நடத்தும் அமைப்புக்கு முதல் தலைவராக வந்தவர் ஒரு டாக்டர். வில்லியம் ஹேடன், நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் இருந்தவர். டிரைவர் மேல் தப்பே இல்லை என்று சொன்னவர் இல்லை அவர். கொர்வேர் பிறந்த அதே 1959இல், வேறு வண்டியில் மோதாமல் தனியாக விபத்தாகி இறந்த டிரைவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, ஏறக்குறைய பாதிப் பேர் நல்ல போதையில் இருந்தார்கள் என்று எழுதியவரே அவர்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. மலேரியாவுக்குக் கிருமி மாதிரி, காயத்துக்குக் காரணம் உடம்பின் மேல் பாயும் ஆற்றல் என்றார். மோதும் முன், மோதும்போது, மோதிய பின் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் மனிதன், வண்டி, சூழல் என மூன்று இடத்திலும் தடுக்கலாம். கம்யூனிட்டி மெடிசின் தேர்வுக்கு இந்த ஹேடன் மேட்ரிக்ஸ் கட்டத்தை மனப்பாடம் செய்தவன் நான். அந்த ஆள் என்ன செய்தார் என்று அப்போ தெரியாது. 1968 ஜனவரி முதல் புதுக் கார்களில் சீட் பெல்ட்டும், மோதினால் நெஞ்சைக் குத்தாமல் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் கட்டாயமானது அவர் காலத்தில்தான்.

கொர்வேர் 1969இல் நின்றுபோனது. 1972இல் அரசின் சோதனை அறிக்கை வந்தது. பழைய கொர்வேர், அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கவிழ்வதில் மோசமில்லை என்றது. ரசிகர்கள் இன்றும் அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். நேடர் சில இடங்களில் கூட்டித்தான் எழுதினார் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனா ஒப்பிட்ட கார்களில் பீட்டிலும் ரெனோ டோஃபினும் இருந்தன. அவையும் பின்னால் இன்ஜின், ஸ்விங் ஆக்ஸில் வண்டிகள்தான். பக்கத்து பெட் பேஷன்ட்டுக்கும் காய்ச்சல் என்பதால் இவருக்குக் காய்ச்சல் இல்லை என்று ஆகாதே.

இன்னும் ஒருத்தரைச் சொல்லணும். ஜான் ஃபிட்ச், பந்தய டிரைவர். கனெக்டிகட்டில் கொர்வேரை வாங்கி, ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் சரிசெய்து 'ஃபிட்ச் ஸ்பிரிண்ட்' என்று விற்றவர். 1955இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில், இவரோடு மாறி மாறி ஓட்ட வேண்டிய பியர் லெவெக்கின் கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள், லெவெக்கும்தான். ஃபிட்ச் தன் முறைக்காகக் காத்திருந்தார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாலத் தூண்களுக்கு முன்னால், மோதினால் உடைந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள். படங்களில் பார்த்திருப்பீங்க, பெரும்பாலும் மஞ்சள் நிறம். அது இவர் கண்டுபிடிப்பு. உள்ளே மணல். ஆரம்ப சோதனைகளில் காரை ஓட்டிப்போய் அதில் மோதிப் பார்த்ததும் அவரேதான்.