கணினிகளின் தோம்பு

திருகோணமலை நகரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர் நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைக் கடந்து புல்மோட்டையை அடைவர். அவ்வூரின் கரிய மணல் பெயர்பெற்றது. இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் அம்மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. பிரித்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கு வேண்டும். ஒரு குவியல் கப்பலேறிச் சென்ற பின்னும் ஏட்டில் அது கரையிலேயே கிடக்குமாயின், அந்த ஏட்டினால் யாருக்கு என்ன பயன்? இருப்பை எழுதுவது ஒரு வேலை. எழுதியதை உண்மையோடு ஒப்புநோக்கித் திருத்திவருவது அதனினும் பெரிய வேலை.

இந்த வேலை இன்று கணினிகளுக்கும் உரியதாகிவிட்டது. கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் உள்ள கணினிகள் கம்பியாலும் வானலையாலும் பிணைக்கப்பட்டு வலையமைப்பாக இயங்குகின்றன. அவ்வலையில் எத்தனை இயந்திரங்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பனவற்றைக் குறித்துவைக்கும் இடாப்பே வலையமைப்பின் இருப்புப் பதிவு. பெயர் புதிதாயினும் தொழில் பழையது. நம் நாட்டில் அதன் மூதாதை தோம்பு எனலாம்.

தோம்பு என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்கள், காணிகளையும் அவற்றுக்குரிய வரிகளையும் தோம்புகளிற் பதிந்தனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அம்முறையைத் தொடர்ந்தனர். காணி கைமாறும், பிள்ளை பிறக்கும், முதியோர் மறைவர். ஏடோ எழுதிய நாளிலேயே நின்றுவிடும். ஆகவே ஒல்லாந்தர் பள்ளித் தோம்பு என்றொன்றையும் வைத்தனர். ஊர்ப் பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதில் எழுதிவந்தார். மாற்றம் நிகழும் இடத்திலேயே அதைப் பதிய ஓர் ஆளை அமர்த்தியதுதான் இம்முறையின் நுட்பம்.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின், இதே தொல்லை அமெரிக்காவில் வேறோர் உருவில் எழுந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் நான்கே நிலையங்களுடன் தொடங்கியது. வலையில் இணைந்த கணினிகளின் பெயரும் முகவரியும் கலிபோர்னியாவில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய நிலையத்தில், ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அந்நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். திருத்திய பட்டியலை மற்றையோர் பிரதிசெய்துகொள்ளவேண்டும். கணினிகள் பெருகப் பெருக, பட்டியல் கைக்கு வந்து சேருமுன்னரே பழையதாயிற்று. 1983இல் போல் மொக்கபெற்றிசு வகுத்த பெயர்முறை இதற்கு விடை தந்தது. ஒரே பேரேட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு பகுதிக்கும் அவ்வப் பகுதியாரே இடாப்பு வைத்துக்கொள்ளலாயினர். இலங்கைக்குரிய எல்கே என்னும் பெயர்ப்பகுதி 1990இல் வந்தது. 2010இல் ‘இலங்கை’ என்ற தமிழ்ச் சொல்லே இணையப் பெயரின் இறுதியாக அமையும் பேறு பெற்றது.

பெயர் ஒழுங்காயிற்று. ஆனால் இயந்திரத்தின் நிலைமையை எவ்வாறு அறிவது? 1988இல் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வெளிவந்தது. ‘நீ யார்? எவ்வளவு நேரமாக இயங்குகிறாய்?’ என்று ஒரு கணினி மற்றொரு கருவியை வினவவும், விடை பெறவும் அது வழிசெய்தது. இவ்வினாக்களைத் தானே தொடுக்கும்படி எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். இரவுதோறும் நிரல் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்கும்; விடையை எழுதும்; நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் புதிதாய் வந்ததையும் காணாமற்போனதையும் காலையிற் சொல்லும். பழைய பள்ளி ஆசிரியரின் பணியை இன்று இந்நிரல் செய்கிறது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும், நேயர்களே! விடை வராமை வேறு, இல்லாமை வேறு. புல்மோட்டை போன்ற தொலைவான ஊரில் ஓரிரவு மின்சாரம் நின்றால், அங்குள்ள கந்தோரின் கணினிகள் யாவும் மௌனமாகிவிடும். அறிவற்ற நிரல் அவற்றை இடாப்பிலிருந்தே அழித்துவிடும். நன்கு எழுதப்பட்ட நிரலோ, இறுதியாகக் கண்ட நாளைக் குறித்துவைத்து, பொறுப்பாளரை விசாரிக்கச் சொல்லும். அப்பொறுப்பாளர் யாரென்பதை மனிதர்தாம் எழுதவேண்டும்.

இடாப்பு மட்டும் போதுமா? 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி தனியே இருக்கவில்லை. அங்கு இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அதனைத் தயாரித்த நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் நாளுடன் நிறுத்தியிருந்தது. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது.

பதிப்பு பழையது என்பது அறியாத செய்தியன்று. அறிந்தும் செய்ய முடியாதுபோன செய்தி. ஆகவே எந்த இடாப்பிலும், ‘என்ன இருக்கிறது’ என்னும் நிரைக்குப் பக்கத்தில், ‘எந்நாளுக்குள் இற்றைப்படுத்த வேண்டும், யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும்’ என்னும் நிரைகளும் இருத்தல் வேண்டும். அன்று தோம்பு பிழைத்தால் ஒருவன் தன் காணியை இழந்தான். இன்று கணினிகளின் தோம்பு பிழைத்தால், அல்லது அது சொல்வதைக் கேளாதொழிந்தால், பொதுமக்களின் கடிதமும் மனுவும் ஒருசேர அழிந்துபோகக்கூடும். எண்ணுவதற்கு இயந்திரம் உண்டு. எண்ணியதன்படி நடப்பதற்கு மனிதரே வேண்டும்.