லடாக் வானில் தெரிந்த மர்ம ஒளிகள்: விசாரணையில் வெளிவந்த உண்மை

வானத்தில் இனம் தெரியாத ஓர் ஒளியைக் கண்டால் பலருக்கும் 'பறக்கும் தட்டு' நினைவுக்கு வரும். எல்லையில் காவல் நிற்கும் வீரருக்கோ எதிரியின் உளவு விமானம் நினைவுக்கு வரும். பார்ப்பது கண்தான். ஆனால் பார்த்ததற்குப் பெயர் வைப்பது மனதில் ஏற்கெனவே இருக்கும் அச்சம். இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

என்ன நடந்தது?

லடாக்கிலுள்ள பாங்காங் ஏரி கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி இந்தியாவின் வசமும் கிழக்குப் பகுதி சீனாவின் வசமும் உள்ளன. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அப்பகுதி வானில் ஒளிரும் பொருள்களை இந்திய வீரர்கள் மீண்டும் மீண்டும் கண்டனர். இப்படி 329 முறை கண்டதாகப் பதிவானது. அவற்றில் 155 முறை அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி அவை நம் பக்கம் வந்ததாகக் கருதப்பட்டது. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

இது சாதாரண விஷயமல்ல. 2013 ஏப்ரலில் லடாக்கின் தெப்சாங் பகுதியில் சீன வீரர்கள் கூடாரமடித்துத் தங்கினர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. அத்தகைய சூழலில் ஒரு தவறான முடிவு பெரும் விபரீதத்தில் முடிந்திருக்கலாம்.

விசாரணை எப்படி நடந்தது?

இவை வானியல் பொருள்களா, மனிதர் அனுப்பியவையா என்று கண்டறியும் பொறுப்பு பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விஞ்ஞானிகள் கையாண்ட வழி எளிமையானது. அந்த ஒளிகளின் நகர்வை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விமானம் தன் போக்கில் பறக்கும். கோளோ நட்சத்திரங்களோடு சேர்ந்தே வானைக் கடக்கும். ஒப்பிட்டதில் விடை கிடைத்தது: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 2013 ஜூலையில் இச்செய்தி வெளியானது.

ஏன் இப்படித் தோன்றியது?

2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அதனால் பொழுது சாயும்போது உதித்து, விடியும் வரை தெரிந்தது. வெள்ளி அந்த மாதங்களில் விடிவெள்ளியாகக் கிழக்கே எழுந்தது. பாங்காங் ஏரியில் சீனப் பகுதி இருப்பதும் கிழக்கேதான். அங்கே எழுந்து மேற்கு நோக்கி மெல்ல நகரும் ஒளி எல்லை தாண்டி வருவதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, புழுதியும் குறைவு. எனவே கோள்கள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். இருட்டில் ஒற்றை ஒளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அசையாத ஒளிகூட அசைவதுபோல் தோன்றுவது கண்ணின் இயல்பு.

வீரர்களைக் கேலி செய்வது நியாயமாகாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதை ஒழுங்காகப் பதிவு செய்தார்கள். ராணுவமும் சந்தேகத்தையே முடிவாக்கிக்கொள்ளாமல், அத்துறை அறிந்தவர்களிடம் கேட்டது. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

பிறை பார்க்க மேற்கு வானை நோக்கும் நம் குடும்பங்களுக்கு, சில மாதங்களில் அங்கே பளிச்சிடும் வெள்ளி புதிதல்ல. ஆனாலும் 'மர்ம ஒளி' என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால், பார்த்த வேகத்திலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்புவதற்கு முன் சிலவற்றைக் கவனிப்போம்:

• ஒளி எந்தத் திசையில், எந்த நேரத்தில் தெரிந்தது?
• மறுநாளும் ஏறக்குறைய அதே நேரம், அதே இடத்தில் தெரிகிறதா?
• அருகிலுள்ள நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக விலகிச் செல்கிறதா?
• அன்று வானில் எந்தக் கோள்கள் தெரிகின்றன?

இவற்றைப் பிள்ளைகளையும் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, சேர்ந்தே பார்க்கலாம். விடை கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்வதில் வெட்கமில்லை. தெரியாத ஒன்றுக்கு அவசரமாகப் பெயர் சூட்டி ஊரெல்லாம் பரப்புவதுதான் ஆபத்து.