9 டன் மோட்டார் பிறந்த கதை

1950-ல் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். 1954-ல் இயற்பியல் பட்டம் கைக்கு வரும் நேரத்தில்தான், படிக்க வேண்டியது பொறியியல் என்று கலாமுக்கு உறைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு அக்கா ஜோஹராவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. படிப்பை முடித்து விமானப்படைத் தேர்வுக்குப் போனால், இருந்தது எட்டு இடம். அவர் வந்தது ஒன்பதாவதாக!

விமானம் கைவிட்டது, ராக்கெட் அழைத்தது. 1963 நவம்பர் 21, கேரளத்துத் தும்பா ஏவுதளத்தில் முதல் ராக்கெட் தயாரானது. ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே இருந்த கருவி பிரான்சுடையது. தூக்கி நிறுத்தும்போது கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பு கசிய, பொறியாளர்களே கைபோட்டு அதை நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோவியத் யூனியனோ அதற்குள் மனிதனையே விண்ணுக்கு அனுப்பிவிட்டிருந்தது. எட்டிப்பிடிக்க முடியுமா?

கலாம் தலைமையில், செயற்கைக்கோளைச் சுமக்கும் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் உருவானது. உயரம் 23 மீட்டர், எடை 17 டன். அடியில், சுமார் 9 டன் திட எரிபொருள் நிரப்பிய மோட்டார். 1979 ஆகஸ்ட் 10 காலை 7.58-க்கு அது கிளம்பியது. முதல் கட்டம் பிசகாமல் எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வில் தூசி அடைத்து, நைட்ரிக் அமிலம் முன்பே ஒழுகிப்போயிருந்தது. 317 விநாடிகளில் எல்லாம் வங்கக்கடலில்!

நிருபர்கள் முன் பழியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட் ஏற்றிய 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. சோவியத் யூனியன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா, பிரிட்டன் வரிசையில் இந்தியாவும் சேர்ந்தது. ஆனால் 35 கிலோ சுமக்கும் ராக்கெட்டை எந்த நாடு வாடகைக்குக் கேட்கும்? 1983-ல் எஸ்.எல்.வி.க்கு ஓய்வு தரப்பட்டது.

அந்த 9 டன் மோட்டாருக்கு மட்டும் ஓய்வில்லை. மூன்றைப் பக்கம் பக்கமாகக் கட்டி ஏ.எஸ்.எல்.வி. செய்தார்கள். 1987-ல் தோல்வி, 1988-ல் தோல்வி, 1992-ல் வெற்றி. அடுத்து, ஒரு ராட்சத மோட்டாரின் இடுப்பைச் சுற்றி அதே மோட்டார்கள் ஆறைப் பூட்டினார்கள். 1993-ல் அதுவும் தோற்றது. 1994 அக்டோபரில் வென்றது.

அதுதான் பி.எஸ்.எல்.வி. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குட்டி ராக்கெட்டுகள், எஸ்.எல்.வி.யின் அந்த முதல் கட்டத்தின் வாரிசுகள். 2017 பிப்ரவரி 15-ல், அவற்றை நீட்டிப் பெரிதாக்கிப் பூட்டிய பி.எஸ்.எல்.வி. ஒரே பாய்ச்சலில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றி, ரஷ்ய ராக்கெட்டின் 37 என்ற சாதனையை முறியடித்தது. அந்த 104-ல் 96, தும்பாவுக்கு ராக்கெட் தந்த அமெரிக்காவுடையவை.